பதினோரு ஸ்டூல்களும் ஒரு கல்லும்

ப்ரூயிட் எதிர் ப்ரூயிட்.
ஓக்லஹோமா, ஐம்பத்தெட்டாம் வருடம், ஆகஸ்ட்.
மின்விசிறி சுற்றியது, காற்றுதான் வரவில்லை.
நான் நீதிமன்றத்துச் சுருக்கெழுத்துக்காரி.
அழுகையை எழுத எங்களிடம் குறியீடு கிடையாது.
பொருட்களை எழுதினேன்:

தரையில் முடுக்கிய ஒற்றைக்கால் ஸ்டூல், பதினொன்று.
காபி பாய்லர், மூடியில்லாமல்.
கல்லாப்பெட்டி, ஏழாம் பொத்தான் சிக்கும்.
கடுகு ஜாடி, ஊறுகாய் ஜாடி,
இன்னும் பணம் கட்டி முடியாத ஐஸ்பெட்டி.
கடைசியாக
பர்கர் சுடும் இரும்புக் கல், மூன்றடிக்கு இரண்டடி.

அங்கே முட்டிக்கொண்டது.

கல் எனக்குத்தான் என்று
தன் ஸ்டூல்களைப் போலவே
ஒற்றைக்காலில் நின்றான் டெல்மர்.
லவோன் வாய் திறக்கவில்லை.
சட்டைக் கையைச் சுருட்டி
வலது கையை நீதிபதி முன் நீட்டினாள்.
மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை
கொழுப்பு தெறித்த தழும்புகள்,
முதல் தூறல் விழுந்த புழுதி மாதிரி.
இருபத்திரண்டு வருடம்.
நான் எழுதவில்லை. யாரும் சொல்லவில்லையே.

நீதிபதி ஹஸ்கின்ஸ் கண்ணாடியைக் கழற்றினார்.
செவ்வாயும் வெள்ளியும் அவர் மதியம் எங்கே சாப்பிடுவார் என்று
ஊருக்கே தெரியும்.
கட்டடமும் ஸ்டூலும் கணவனுக்கு.
கல் மனைவிக்கு.
எழுந்து போகும்போது தாழ்ந்த குரலில்,
"எப்போது திறப்பாய்?"
அதையும் நான் எழுதவில்லை.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்
பழைய டயர் கடையில் கல் இறங்கியது.
உட்கார ஒரு பலகைகூட இல்லை.
வெங்காயத்தைக் காகிதமாய்ச் சீவி
மாட்டுக் கைமா உருண்டைமேல் குவித்து
திருப்பியின் முதுகால் ஓர் அழுத்து.
கறிக்குள் வெங்காயம் போனதா
வெங்காயத்துக்குள் கறி போனதா,
அதைப் பிரித்துக் கொடுக்க
எந்தக் கோர்ட்டாலும் ஆகாது.
ஓரம் கருகியதும் புரட்டுவாள்,
பன்னை மேலே கவிழ்ப்பாள், ஆவியில் அது பஞ்சாகும்.
கறி வாங்கக் காசில்லாத காலத்தில்
வயிற்றை ஏமாற்றச் சேர்த்த வெங்காயம்;
இப்போது ஒரு பிடி குறைந்தால்
சண்டைக்கு வருகிறோம்.

டெல்மர் துல்சாவிலிருந்து புதுக் கல் வாங்கிவந்தான்.
முகம் பார்க்கலாம்.
சாப்பிடத்தான் முடியவில்லை.

ஊர் தானாக ஒரு வழி கண்டது:
அவளிடம் பர்கர், அவனிடம் காபி,
நடுவே தண்டவாளம்.
பையின் அடி எண்ணெயில் கண்ணாடியாகும் முன்
கடந்துவிட வேண்டும்.
சரக்கு ரயில் குறுக்கே வந்துவிட்டால்
கோதுமைக் கிடங்கு ஆட்களும் வங்கி மேலாளரும்
ஒரே சுவரோரம் நின்றபடி தின்றார்கள்,
தாடையில் கடுகு வழிய.

நவம்பர், ஒரு வியாழன், கூட்டம் ஓய்ந்த நேரம்.
என் பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள்.
டெல்மர்.
தொப்பி கையில், சில்லறை எண்ணி வைத்திருந்தான்.
"வெங்காயம்?" என்றாள், எல்லோரிடமும் கேட்பதுபோல.
"நிறைய."
ஒரு சென்ட்டும் குறைக்காமல் வாங்கிக்கொண்டாள்.

அவன் திரும்பும்போது ரயில்.
எண்பத்தாறு பெட்டிகள்; எண்ணுவது என் பிழைப்பு.
அவன் சுவரோரம் தின்றான்.
அவள் கல்லைச் சுரண்டியபடி ஏதோ சொன்னாள்.
அவன் தலை அசைந்தது, ஆம் என்றா இல்லை என்றா.
நிமிடத்துக்கு இருநூறு சொல் பிடிப்பவள் நான்,
ஒன்றுகூடச் சிக்கவில்லை.

மறுநாள் காலை
டயர் கடை வாசலில் ஒரு ஸ்டூல்.
சிவப்பு மெத்தை, காலடியில் பிடுங்கிய போல்ட்,
அதில் கொஞ்சம் சிமெண்ட்.
தரையில் முடுக்காமல் அது நிற்காது;
சுவரில் சாய்ந்து கிடந்தது.

லவோன் உள்ளே எடுக்கவில்லை,
திருப்பி அனுப்பவும் இல்லை.
மழை வந்தால் மட்டும்
ஒரு வெங்காயச் சாக்கைப் போட்டு மூடுகிறாள்.

கோப்பில் இன்னும்
பதினொன்று என்றே இருக்கிறது.